இணையவழிக் கல்வியும் எம் கல்லூரியும்

வகுப்பறைக்கு வரவியலாத மாணாக்கனைக் கல்லூரி எவ்வாறு சென்றடைவது என்னும் வினா புதியதன்று. அவுஸ்திரேலியாவின் நடுப்பாலை நிலத்தில், அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் நகரிலிருந்து 1951ஆம் ஆண்டிலேயே வானொலி வழியாகப் பள்ளி நடத்தத் தொடங்கினர். நெடுந்தொலைவிலுள்ள பண்ணை வீடுகளிலே சிறுவர் அமர்ந்து பாடங் கேட்டனர். ஆங்கு நாம் கருதத்தக்கது வானொலியின் புதுமை அன்று. அவ்வானொலி இருவழிப்பட்டதாய் இருந்தமையே. ஆசிரியர் வினவுவார், சிறுவன் தன் வீட்டிலிருந்தவாறே விடையிறுப்பான். விடை வாராதவிடத்து, அவன் கேட்கவில்லை என்பது ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் தொலைக்காட்சியில் விரிவுரைகளை ஒளிபரப்பத் தொடங்கியபோதும் அதனோடு அமையவில்லை. மாணவர் அஞ்சலில் அனுப்பும் பயிற்சிகளைத் திருத்தி, குறிப்பெழுதித் திருப்பி அனுப்பும் ஆசிரியரையும் அது நியமித்தது. 1980இல் நிறுவப்பெற்று மட்டக்களப்பிலும் நிலையங் கொண்டுள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் தொலைக்கல்வி நெறியையே மேற்கொண்டது.

இனி, எம் நாட்டில் அண்மையில் நிகழ்ந்ததை நோக்குவோம். கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்கள் விரைந்து இணையவழிக்கு மாறின. அதற்குக் காரணம் உண்டு. அவற்றை ஒன்றிணைக்கும் 'லேர்ண்' என்னும் வலையமைப்பு ஏலவே இருந்தது. அதுவே சூம் வகுப்புகளுக்கு வழிசெய்தது. பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கான டேற்றாக் கட்டணமும் சில மாதங்கள் அறவிடப்படவில்லை. பாடசாலைகளுக்கோ இத்தகைய ஏற்பாடு போதிய அளவில் இருந்ததில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவத் தளமும், நேத்ரா தொலைக்காட்சியின் தமிழ்ப் பாடங்களும் உதவின. ஆயினும் தொலைக்காட்சி வினவும், விடையைக் கேட்காது.

ஆகவே பாடசாலைகளிற் பெரும்பாலும் வட்ஸ்அப்பே வகுப்பறையாயிற்று. ஆசிரியர் தம் கையால் எழுதிய குறிப்பைப் படம்பிடித்து அனுப்புவார். விளக்கத்தைக் குரற்பதிவாக இணைப்பார். இது ஏழைக்கேற்ற முறை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலுள்ள கைத்தொலைபேசி ஒன்றாயின், பிள்ளைகள் மூவராயின் என் செய்வது? வாவியிலோ கடலிலோ தொழில் புரியும் தந்தையிடம் அத்தொலைபேசி இருப்பின், அவர் கரைக்கு மீண்ட பின்னரே பிள்ளையின் பாடம் தொடங்கும். ஊவா மாகாணத்துப் போஹிதியாவ என்னும் சிற்றூரில், அலைத்தொடர்பு கிட்டும் பொருட்டு ஆசிரியரும் மாணவரும் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து மலையுச்சிக்குச் சென்ற செய்தியை 2021இல் உலகமே அறிந்தது.

ஆசிரியர் பட்ட பாட்டையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். தம் தொலைபேசி, தம் பணத்தில் வாங்கிய டேற்றா ஆகியவற்றைக் கொண்டே பலர் கற்பித்தனர். 2021 யூலையில் ஆசிரிய சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்னிட்டு இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, அதனைப் பலவாறு பழித்தோர் இச்செலவை எண்ணிப் பார்த்தாரல்லர். அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. மின்னின்றித் திரை ஏது?

சில கலைகளுக்கு இணையம் முற்றும் இசைவதுமில்லை. கல்லடியில் விபுலானந்த அடிகள் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் விளங்கும் எம் மண்ணில் இதனை எண்ணாதிருத்தல் இயலாது. இருவேறு இடங்களிலிருந்து பாடகரும் மிருதங்கக் கலைஞரும் சேர்ந்திசைக்க முற்படின், ஒலி சென்று சேர்வதில் ஒரு செக்கனின் நூறில் மூன்று பங்கு தாமதித்தாலே தாளம் இடறத் தொடங்கும். சூம் போன்றவற்றில் தாமதம் இதனிலும் பன்மடங்கு. ஒருவர் இசைத்து முடிக்க, மற்றவர் கேட்டுத் திருத்தலாம். அதற்கு மேல் ஆசை கொள்ளலாகாது.

இவற்றால் நாம் கொண்ட கருத்து ஒன்றே. கருவி எதுவாயினும், மாணவனின் குரல் ஆசிரியரிடம் மீண்டு வராவிடின் அங்கே தொடர்பு இல்லை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படுமுன் ஓடத்தைக் காத்து நின்றோர் இதனை எளிதில் உணர்வர். ஓடம் இக்கரையிலேயே கிடப்பின் படுவான்கரையில் நிற்பவனுக்கு அதனாற் பயனில்லை.

யூபிலி ஆண்டிலே நிதி திரட்டும் பழைய மாணவர், பெருந்திரைகளையும் மின்பலகைகளையும் நன்கொடையாக அளிக்க விழைவது இயல்பே. அவை கண்ணுக்கு இனியன. பெயர் பொறித்தற்கும் இடமுண்டு! எனினும் மாணவருக்கு இரவல் கொடுத்து மீளப் பெறத்தக்க கைத்தொலைபேசிகள் சிலவும், வகுப்பாசிரியரின் டேற்றாச் செலவுக்குத் திங்கள்தோறும் ஒரு சிறு தொகையும் முதலில் வேண்டும் என்போம். எந்த மாணவன் மூன்று நாட்களாக விடையனுப்பவில்லை எனக் குறித்து, அவன் வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் ஒருவரும் வேண்டும். அமிர்தகழியில் மாமாங்கேசுவரர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் இதனை ஒரு துவிச்சக்கரவண்டி கொண்டே செய்து முடிக்கலாம். படுவான்கரைக்குப் பேருந்துச் செலவும் கொடுத்தல் வேண்டும்.

வெளிநாட்டிலுள்ள எம் பழைய மாணவர் பணம் மட்டுமன்றி நேரமும் தரலாம். உயர்தர வகுப்பில் கணிதமோ பௌதிகமோ கற்கும் ஐந்தாறு பேரைக் கொண்ட சிறு குழுவுக்கு வாரம் ஒரு மணிநேரம் போதும். நூறு பேருக்கு ஒரே விரிவுரை வேண்டாம். நேரம் குறிப்பதில் மட்டும் கவனம் தேவை. ஈங்கு மாலை ஏழு மணியாகும்போது இலண்டனில் நண்பகல் கடந்திருக்கும், ரொறன்ரோவில் காலைப்பொழுது, மெல்பேணிலோ நள்ளிரவு நெருங்கிவிடும். ஆதலால் அவுஸ்திரேலிய அன்பர்கள் சனிக்கிழமை காலை பத்து மணி வகுப்பையும், ஏனையோர் அன்று மாலை வகுப்பையும் ஏற்றுக்கொள்வது பொருந்தும்.