பணியாளரின் மனப்பாங்கும் ஊக்கமும்

ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றும் பத்துப் பேருக்கு ஊதியம் ஒன்று, பணிநேரமும் ஒன்று, விடுமுறையும் ஒன்று. ஆயினும் பத்துப் பேரும் ஒரே வகையாக உழைப்பதில்லை. ஒருவர் சொல்லாமலே செய்கிறார். ஒருவர் சொன்னதை மட்டுமே செய்கிறார். வேறொருவர் நான்கு பேருடன் சேர்ந்தால் மட்டும் நன்றாகச் செய்கிறார். இவ்வேற்றுமையைக் காணும் முதலாளி, "இவன் சுறுசுறுப்பானவன், அவன் சோம்பேறி" என இரண்டே பெயரிட்டு ஆராய்ச்சியை முடித்துவிடுகிறார். சோம்பேறி என ஒதுக்கப்பட்டவருள் பலர் உண்மையில் சோம்பேறிகள் அல்லர். தம் இயல்புக்குப் பொருந்தாத வேலையில் அமர்த்தப்பட்டவர்களே. இன்னாரை இன்ன பணிக்கு அமர்த்துக என்பதற்காகவே வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' எனத் தனி அதிகாரம் வகுத்தார். அத்தெரிதலுக்கு இக்கால உளவியல் தரும் துணை யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

மூவகை வேட்கைகள்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெலண்டு (1917-1998). இவர் படங்கள் சிலவற்றைக் காட்டி, அவற்றைக் கொண்டு கதை எழுதுமாறு மக்களிடம் கூறினார். ஒருவர் எழுதும் கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் எண்ணமே அவர் உள்ளத்தை இயக்கும் எண்ணம் என்பது இம்முறையின் அடிப்படை. இவ்வாறு ஆராய்ந்து, உழைப்பைத் தூண்டும் வேட்கைகள் மூன்றை அவர் விளக்கினார்.

1. சாதனை வேட்கை: செய்வதை முன்னினும் செம்மையாகச் செய்யவேண்டும் என்னும் விருப்பம். வளையத்தை எறிந்து முளையில் விழச்செய்யும் விளையாட்டில், இவ்வேட்கை மிக்கவர்கள் முளையின் அருகிலும் நிற்பதில்லை. எட்டாத் தொலைவிலும் நிற்பதில்லை. முயன்றால் வெல்லக்கூடிய நடுத்தரத் தொலைவையே தேர்ந்தனர். எளிய வேலை இவர்களுக்குச் சலிப்பைத் தரும். பொறுப்பு தம்முடையதாக இருத்தலும், செய்த வேலையின் பயன் உடனுக்குடன் தெரிதலும் இவர்களுக்கு வேண்டும்.

2. தோழமை வேட்கை: பிறருடன் இணங்கி வாழவும், அவர்தம் அன்பைப் பெறவும் விழையும் உள்ளம். தனி அறையில் அமர்த்தினால் இவர்கள் வாடுவர். வாடிக்கையாளரை வரவேற்கும் இடத்தில் அமர்த்தினால் மலர்வர்.

3. செல்வாக்கு வேட்கை: பிறரை இயக்கவும், தம் சொல் எடுபடவும் விரும்பும் தன்மை. இதனைத் தீயது என உடனே தள்ளுதல் கூடாது. தன்னலத்திற்காகப் பிறரை அடக்குவது ஒன்று. நிறுவனத்தின் நன்மைக்காகப் பிறரை வழிநடத்துவது மற்றொன்று. பின்னதே சிறந்த மேலாளரிடம் காணப்படுவது என்று மெக்லெலண்டும் பர்ன்ஹாம் என்பவரும் 1976ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் விளக்கினர். எல்லாருக்கும் நல்லவராக இருக்க விரும்பும் மேலாளர், கேட்டவர்க்கெல்லாம் விதிவிலக்கு அளிப்பார். கேளாமல் விதியைக் காத்தவர் அதனை அநீதியாகக் கருதுவார் எனவும் அவர்கள் சுட்டினர்.

இம்மூன்றும் எல்லார் உள்ளத்திலும் உண்டு. எது மிகுந்து நிற்கிறது என்பதே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

ஒரே பாராட்டு எல்லார்க்கும் பொருந்துமா?

எலிசபெத் பிரெஞ்சு என்னும் ஆய்வாளர் 1950களில் செய்த இரு சோதனைகள் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. வேலைத்துணையாக ஒருவரைத் தேர்ந்துகொள்ளுமாறு முதற் சோதனையில் கூறப்பட்டது. ஒருபுறம், அவ்வேலையில் வெற்றி காணாத நண்பர். மறுபுறம், வெற்றி கண்ட, ஆனால் நண்பரல்லாத ஒருவர். சாதனை வேட்கை மிக்கவர்கள் வல்லவரைத் தேர்ந்தனர். தோழமை வேட்கை மிக்கவர்கள் நண்பரையே தேர்ந்தனர்.

இரண்டாம் சோதனையில் சிறு குழுக்களுக்கு ஒரு வேலை தந்து, இடையே பாராட்டினர். "திறமையாகச் செய்கிறீர்கள்" என்னும் பாராட்டு சாதனை வேட்கையாளரின் வேலையை உயர்த்தியது. "ஒற்றுமையாகச் செய்கிறீர்கள்" என்னும் பாராட்டு தோழமை வேட்கையாளரின் வேலையை உயர்த்தியது. பாராட்டு என்பதும் ஆளறிந்து அளிக்கவேண்டிய பொருள் என்பது இதனால் விளங்கும்.

ஊதியத்தின் இடம்

அங்ஙனமாயின் ஊதியம் வேண்டாவோ எனின், அற்றன்று. பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர் பிட்ஸ்பர்க் நகரில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் வினவித் தம் முடிவுகளை 1959இல் வெளியிட்டார். வேலையில் மனக்கசப்பு எப்போது உண்டாயிற்று என வினவியபோது, நிருவாக முறை, மேற்பார்வை, ஊதியம், பணியிடச் சூழல் ஆகியவற்றைப் பலர் கூறினர். மகிழ்ச்சி எப்போது உண்டாயிற்று என்றதற்கோ, சாதித்தமை, பிறர் அதனை மதித்தமை, வேலையின் சுவை, பொறுப்பு, உயர்வு ஆகியவற்றைக் கூறினர். மகிழ்ச்சிக்குத் தம்மையும் கசப்புக்குப் பிறரையும் காரணமாகக் கூறுவது மனித இயல்பு ஆதலின், இம்முடிவை முழுதும் ஏற்காத அறிஞரும் உளர். எனினும் ஒன்று தெளிவு. உரிய ஊதியம் தராமல் புகழுரை மட்டும் தருவது ஊக்குவித்தல் ஆகாது. அது ஏய்த்தலே ஆகும். உரிய ஊதியம் தந்த பின்னரே மனப்பாங்கை அறிந்து ஊக்குவித்தல் பயன் தரும்.

மனப்பாங்கு மாறுமா?

"பிறவிக் குணத்தை மாற்ற முடியுமா?" என்று கேட்போர் ஆந்திர மாநிலத்துக் காக்கிநாடாவில் நிகழ்ந்ததை அறிதல் நன்று. 1964இல் அந்நகரத்து வணிகரும் தொழில் நடத்துவோருமாக 52 பேர், குழுக் குழுவாக ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்திற்கு அழைக்கப்பட்டனர். மெக்லெலண்டு வகுத்த முறையில் அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது. தமக்கென எட்டக்கூடிய இலக்கை வகுத்தல், சாதனை நோக்கில் சிந்தித்தல் முதலியன கற்பிக்கப்பட்டன. ஊர் திரும்பியபின், பயிற்சி பெறாதவரைவிட இவர்கள் கூடுதல் நேரம் உழைத்தனர். புதிய முயற்சிகளைத் தொடங்கினர். முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் பெருக்கினர். மெக்லெலண்டும் டேவிட் விண்டரும் 1969இல் வெளியிட்ட நூலில் இச்செய்திகள் விரிவாக உள்ளன. சாதியோ பழைய மரபுகளில் பற்றோ இம்முன்னேற்றத்திற்குத் தடையாகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே மனப்பாங்கு என்பது நெற்றியில் எழுதி ஒட்டிய பெயர்ச்சீட்டு அன்று. இன்று தோழமையை நாடுபவர் நாளை பொறுப்பையும் நாடலாம். வகைப்படுத்துதல் அறிவதற்கே; ஒதுக்குவதற்கு அன்று.

நடைமுறையில் கொள்ளத்தக்கவை

சிறந்த தொழிலாளியை மேற்பார்வையாளராக உயர்த்துதல் எங்கும் காணும் வழக்கம். சாதனை வேட்கை மட்டுமே மிக்கவராயின், பிறரிடம் வேலை வாங்காமல் எல்லாவற்றையும் தாமே செய்யத் தொடங்குவார். விளைவாக ஒரு நல்ல தொழிலாளியையும் இழப்போம். நல்ல மேற்பார்வையாளரையும் பெறமாட்டோம். அவருக்கு இன்னும் கடினமான வேலையும் அதற்குரிய ஊதிய உயர்வும் தருவதே தக்க பரிசு.

பணியாளர் ஒருவர் சோர்ந்திருக்கக் கண்டால், கடிந்துரைக்கும் முன் மூன்றனை நோக்குக: வேலை மிக எளிதாய்ச் சலிப்பூட்டுகிறதா? தனிமை வருத்துகிறதா? அவர் சொல்லுக்கு மதிப்பில்லாமற் போயிற்றா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. உங்களிடம் பணிபுரிவோர் மூவரை எண்ணுக. ஒவ்வொருவரிடமும் மிகுந்து நிற்கும் வேட்கை யாது? அவ்வாறு கருதுதற்குச் சான்று யாது?

2. இறுதியாக நீங்கள் ஒருவரைப் பாராட்டியபோது, அவருடைய திறமையைப் பாராட்டினீர்களா, இணக்கத்தையா? அது அவருக்குப் பொருந்தியதா?

3. நீங்களே ஒருவரிடம் பணிபுரிபவராயின், உம்மை ஊக்குவிப்பது எது என்பதை உம் மேலாளர் அறிவாரா? அறியாராயின், அதனை அவருக்குப் பணிவுடன் உணர்த்தும் வழி யாது?