பழைய சி.ஆர்.ஓ.வும் சில பழங்கதைகளும்

கீரமங்கலம் பக்கம் போர்வெல் தண்ணீரில்தான் பூவும் தென்னையும் விளைகின்றன. மோட்டார் ஓடும் இடத்தில் மோட்டார் எரிவதும் உண்டு, காயில் கட்டுகிறவருக்கும் வேலை உண்டு. பாலிடெக்னிக் லேபில் கழித்துக்கட்டிய சி.ஆர்.ஓ. (ஆசிலாஸ்கோப்), சிக்னல் ஜெனரேட்டர், பவர் சப்ளை ஆகியவற்றை ஏலத்தில் எடுத்துப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளும் பொழுதுபோக்குக்கு இது தோதான ஊர். பேரீச்சம்பழத்துக்குப் போகவேண்டிய பெட்டி என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். அது போகட்டும், வெளியே உலவும் கதைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பழைய செட்டுக்குள் 'சிவப்பு பாதரசம்' இருக்கும், லட்சக்கணக்கில் விலைபோகும்.

அப்படியொரு பொருளே கிடையாது. 2009-இல் சவூதி அரேபியாவில் சிங்கர் தையல் மிஷினுக்குள் அது இருப்பதாகப் புரளி கிளம்பி, ஓட்டை மிஷின்கள்கூட எக்கச்சக்க விலைக்குப் போயின. பழைய செட்டில் இருக்கும் வால்வின் (வெற்றிடக் குழாயின்) கண்ணாடி உச்சியில் வெள்ளிபோல் மின்னுவதைக் காட்டி ஏமாற்றுவார்கள். அது பெரும்பாலும் பேரியம் பூச்சு. உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சிக்கொள்ள வைத்தது. காற்று புகுந்துவிட்டால் அது பால்வெள்ளையாகிவிடும். அந்த வால்வு செத்தது என்று அர்த்தம்.

நம்பிக்கை: சி.ஆர்.ஓ.வின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஆபத்தில்லை.

இருக்கும் கதைகளிலேயே உயிருக்கு உலை வைப்பது இதுதான். புரோபின் கருப்பு கிளிப், சி.ஆர்.ஓ.வின் இரும்புக்கூட்டோடும், அது வழியாகச் சுவரின் எர்த்தோடும் சேர்ந்திருக்கிறது. டி.வி. பவர் சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தில் அந்தக் கிளிப்பை மாட்டினால் 'டமார்'. அதற்குப் பயந்துதான் பின்னை வெட்டுகிறார்கள். சத்தம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் இப்போது அந்தக் கூடு முழுக்க மின்சாரம் நிற்கிறது. 230 வோல்ட் லைனின் உச்சம் சுமார் 325 வோல்ட். கை படும் இடமெல்லாம் அதுவரை ஏறலாம்.

செய்யவேண்டியது நேரெதிர்: சி.ஆர்.ஓ.வின் எர்த்தைத் தொடாதீர்கள், பழுதுபார்க்கும் செட்டை ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரில் போடுங்கள். 230-க்கு 230, இரண்டு சுற்றும் தனித்தனியாக வேண்டும் என்று சொன்னால் டிரான்ஸ்பார்மர் கட்டத் தெரிந்தவர் கட்டிக்கொடுப்பார். இரண்டு சேனல் இருந்தால் கிளிப்பை எங்கும் மாட்டாமல், ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டியும் பார்க்கலாம். சுவரின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் அது வெறும் ஓட்டை.

நம்பிக்கை: வேரியாக்கில் போட்டால் ஷாக் அடிக்காது.

அடிக்கும். வேரியாக்கில் ஒரே சுற்றுதான். வோல்ட்டேஜைக் குறைக்குமே தவிர லைனிலிருந்து பிரிக்காது.

நம்பிக்கை: மெயின் டிரான்ஸ்பார்மர் எரிந்தால் செட்டே போச்சு.

சாதாரண மெயின் டிரான்ஸ்பார்மரைத் திரும்பக் கட்டலாம். பிரிக்கும்போதே சுற்றையும் கம்பி கனத்தையும் எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும். பிக்சர் டியூபுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தரும் ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மர் வேறு ஜாதி; அதற்கு, உதிரி கழற்றிக்கொள்ள இன்னொரு பழைய செட்டைத் தேடுவதே மேல்.

நம்பிக்கை: பழைய செட் என்றால் எல்லா கண்டன்சரையும் மாற்றிவிட வேண்டும்.

இதில் பாதிதான் உண்மை. எலக்ட்ரோலிட்டிக் உள்ளே காய்ந்துபோகும். டான்டலம் திடீரென்று ஷார்ட்டாகும். மைக்கா, செராமிக், பிலிம் வகைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். செட்டில் நாற்பது இருந்து, நாற்பதையும் ஒரே மூச்சில் மாற்றினால் ஒன்றிரண்டு தலைகீழாகப் போய்விடும். பிறகு பழைய பழுது எது, நாம் வைத்த பழுது எது என்று தெரியாது. அளந்து பார்த்து மாற்றுங்கள்.

நம்பிக்கை: நேரே பிளக்கில் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வருடக்கணக்கில் கிடந்த செட்டை முதலில், லைனில் ஒரு பல்பைத் தொடராக இணைத்த சீரிஸ் பல்பு போர்டில் போடுங்கள். நல்ல செட் என்றால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கும். ஷார்ட் என்றால் முழு வெளிச்சத்தில் நிற்கும், கருகவேண்டியது தப்பிக்கும். இதற்கு 60 அல்லது 100 வாட் குண்டு பல்புதான் வேண்டும். டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறும், வேலை செய்வது அதுதான். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு எங்காவது கண்ணில் பட்டால் இரண்டு வாங்கி வையுங்கள்.