பசுக்களின் சினையறியும் சோதனைகள்

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கயம் பசுவின் விலை பெரும்பாலும் அதன் சினையைப் பொறுத்தது. சினைப்பசுவை மலடென்று கழிப்பவர் கன்றையும் சேர்த்தே இழக்கின்றனர். ஆதலின் ஒவ்வொரு சோதனையையும் எவ்வளவு நம்பலாமென்பதைக் குடியானவர்கள் அறிதல் அவசியம்.

1. பருவம் நிற்றல்: பசு சுமார் 21 நாட்களுக்கொருமுறை பருவத்திற்கு வரும். காளை சேர்த்தபின் அது நின்றால் சினையென்பர். தீவனக் குறைவினாலும் கருப்பை நோயினாலும் பருவம் நிற்பதுண்டு. சினைப்பசுக்களிற் சில பருவக் குறி காட்டுவதுமுண்டு. ஆகவே இது ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவாகாது.

2. தானியச் சோதனை: சினைப்பசுவின் மூத்திரத்தில் நனைத்த கோதுமை சரிவர முளைக்காதென்பது இதன் அடிப்படை. ஆனால், நீர் கலவாத மூத்திரத்தின் உப்பே முளையைக் கெடுக்கும். நீர் கலந்து, வெறும் நீரில் நனைத்த விதையுடன் ஒப்பிட்டாலும் இதனை மட்டும் நம்பலாகாது.

3. மாதர்க்குரிய பட்டை: இது மனிதக் கருவின் நஞ்சுத் திசு சுரக்கும் ஹார்மோனைக் காட்டுவது. பசுவில் அது சுரப்பதில்லை, ஆகவே பயனில்லை.

4. கைச்சோதனை: கால்நடை மருத்துவர் மலக்குடல் வழியே கருப்பையைத் தொட்டறிவது. 60 முதல் 90 நாட்களுக்குள் தெளிவாகும். ஸ்கேன் கருவி சுமார் 30 நாட்களிலேயே காட்டும். எனினும் இளங்கரு பின்னர் அழிவதுண்டாதலின், மறுசோதனை வேண்டும்.

காளை சேர்த்த அல்லது சினை ஊசி போட்ட தேதியைக் குறித்து வைக்க வேண்டும். ஈற்றுக்கு அன்றிலிருந்து சுமார் 280 நாட்கள். சோதியாமல் மறுபடி ஊசி போட்டால் உள்ள கருவும் கலையக்கூடும். விற்பனைக்கு முன் மருத்துவரிடம் காட்டுவதே இருதரத்தாருக்கும் நலம்.