கரையொதுங்கும் கடற்பாலூட்டிகளும் அவற்றின் திசுச் சேமிப்பும்

விராலிமலையைச் சூழ்ந்து வாழ்வோர்க்கு மயில் புதிய பொருளன்று. மலையடிவாரத்தும் வயல்வரப்புகளிலும் அதன் அகவலைக் கேட்டே நாம் வளர்ந்தோம். இறந்து கிடக்கும் மயிலைத் தொடலாகாது, வனத்துறையினர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பதையும் நம்மூரார் பலர் அறிவர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதலாம் அட்டவணையில் வைத்துக் காக்கின்றது. அவ்வட்டவணையிலேயே இடம்பெற்ற மற்றொரு பிராணியும் நம் புதுக்கோட்டை மாவட்டத்திற்கு உரியதாயிருக்க, அதனைக் கண்டார் நம்முள் மிகச் சிலரே. அதுவே கடற்பசு, கடற்கரை மக்கள் ஆவுளியா என்பர்.

விராலிமலை உள்நாட்டுப் பகுதியாயினும், நம் மாவட்டத்தின் கீழ்த்திசை எல்லை கடலேயாகும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்கள் பாக் விரிகுடாவின் கரையில் அமைந்துள்ளன. அவ்விரிகுடாவின் ஆழமற்ற நீரில் வளரும் கடற்புல்லை மேய்ந்தே கடற்பசு வாழ்கின்றது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை அடுத்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை, 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் இதுவே.

கடற்பசு, திமிங்கிலம், ஓங்கில் ஆகிய கடற்பாலூட்டிகள் இறந்து கரையொதுங்கும்போது, அவற்றின் உடலினின்று திசுக்களை எடுத்துச் சேமிப்பது எங்ஙனம், அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பயன் யாது?

இப்பிராணிகள் மூச்சு வாங்கும்பொருட்டு மட்டுமே நீர்மட்டத்திற்கு வருவன. வாழ்நாளிற் பெரும்பகுதியை நம் கண்ணுக்கெட்டாத இடத்திற் கழிப்பன. அவை உண்பது யாது, உற்ற நோய் யாது, ஒரு கூட்டத்திற்கும் மற்றொன்றிற்கும் உள்ள உறவு யாது என்பவற்றைப் படகிலிருந்து நோக்கி முற்றும் அறிதல் இயலாது. ஆராய்ச்சிக்கென அவற்றைக் கொல்லுதலோ அறத்திற்கும் சட்டத்திற்கும் ஒவ்வாது. ஆகவே கரையொதுங்கிய உடலே நமக்குக் கிட்டும் ஏடு. நம் நாட்டு வெயிலிலோ அவ்வேடு விரைவில் அழிகின்றது. தோலின் கீழுள்ள தடித்த கொழுப்பு உடலின் வெப்பத்தை வெளிவிடாமையால், புறத்தே கெடாதது போற் காணப்படும் உடலும் அகத்தே அழுகிவிடும்.

1973ஆம் ஆண்டு ஜனவரியில் தூத்துக்குடிக்கு அருகே மன்னார் வளைகுடாக் கரையில் 147 குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் ஒருங்கே ஒதுங்கின. 43 ஆண்டுகளுக்குப் பின், 2016ஆம் ஆண்டு ஜனவரியில், திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டுக் கரையில் அவ்வினத்தைச் சேர்ந்த 80க்கு மேற்பட்டவை ஒதுங்கின. அவற்றுட் பல இறந்தன. ஒரே கடற்கரை, ஒரே மாதம். இவ்விரு கூட்டமும் ஒரே வழித்தோன்றல்களோ என்னும் வினா எவர்க்கும் எழும். இரண்டின் திசுவையும் ஒருங்கு வைத்து மரபணுவை ஒப்பிட்டாலன்றி அவ்வினாவிற்கு விடையில்லை. 1973இல் மரபணுவின் எழுத்துக்களை வரிசையாகப் படிக்கும் எளிய முறை உலகில் எங்கும் இல்லை. இன்று படிக்க இயலாததையும் நாளை படிப்பார்க்கென வைத்துச் செல்லுதலே சேமிப்பின் நோக்கம்.

இதற்குச் சிறந்த சான்று இலங்கையில் உண்டு. 1963ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், கொழும்பை அடுத்த இரத்மலானையில் ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளமுள்ள அலகுத் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கிற்று. தேசிய அருங்காட்சியகங்களின் இயக்குநராயிருந்த பி. இ. பி. தெரணியகல அதனைப் புதிய இனமெனக் கண்டு, கூரிய அலகு என்னும் பொருள்படும் சிங்களச் சொற்களால் 'ஹோட்டவுலா' எனப் பெயரிட்டார். பின்வந்த அறிஞர் அதனை ஏற்றிலர். ஜப்பானிற் கண்ட வேறோர் இனத்துடன் சேர்த்துவிட்டனர். ஆயினும் அதன் எலும்புகள் எறியப்படவில்லை. மாலத்தீவு, சீசெல்சு, கிரிபட்டி முதலிய இடங்களிற் கிடைத்தவற்றோடு அதன் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்ட ஆய்வாளர், 2014ஆம் ஆண்டில் அது தனி இனமே என நிறுவினர். அரை நூற்றாண்டுக்குப் பின் தெரணியகலவின் கூற்று நிலைபெற்றது. எலும்பு காக்கப்பட்டிராவிடின் அவர் சொல் மட்டும் எஞ்சியிருக்கும், சான்று இராது.

மற்றொன்று: 2007ஆம் ஆண்டு கலிபோர்னியாக் கடலிற் கப்பல் மோதி இறந்த நீலத்திமிங்கிலம் ஒன்றின் செவியடைப்பு சேமிக்கப்பட்டது. செவித்துளையில் மரவளையம்போல் அடுக்கடுக்காகத் திரளும் மெழுகு அது. 2013இல் வெளிவந்த ஆய்வு, அவ்வடுக்குகளைப் பிரித்து, அத்திமிங்கிலம் பிறந்தது முதல் அதன் உடலிற் சேர்ந்த பூச்சிகொல்லி, பாதரசம் முதலியவற்றைக் காலவரிசையாகக் கூறிற்று. வயலில் முன்னர்த் தெளிக்கப்பட்ட டி.டி.டி. போன்ற நஞ்சு ஆற்றுவழியாகவும் காற்றுவழியாகவும் கடலையடைந்து, பிராணிகளின் கொழுப்பிலே தங்கி, தாய்ப்பால் வழியே கன்றுக்கும் செல்கின்றது. ஆதலின் கடற்பிராணியின் திசு, உள்நாட்டில் உழவு செய்யும் நமக்கும் செய்தி கூறுவதாகும்.

எடுக்கும் முறை

முதற்கண் உடலின் நிலையை அறிதல் வேண்டும். உயிருள்ளது, புதிதாய் இறந்தது, ஓரளவு அழுகியது, மிக அழுகியது, எலும்பாயோ வற்றியோ போனது என ஐந்து நிலைகளாக அறிஞர் வகுப்பர். நுண்ணிய நோய்க்குறி காண இரண்டாம் நிலை உடலே மிகவும் ஏற்றது. ஆயினும் ஐந்தாம் நிலையிலும் பல்லும் எலும்பும் பயன்படும். அடுத்து இனம், பால், நீளம் குறிக்கப்படும். மேல்தாடையின் நுனிமுதல் வால்துடுப்பின் நடுப்பிளவு வரை, உடல்வளைவை ஒட்டாது நேர்கோட்டில் அளத்தல் மரபு. புகைப்படம் எடுத்தபின்னரே கத்தியை எடுத்தல் வேண்டும்.

தோல், கொழுப்பு, தசை, கல்லீரல், சிறுநீரகம் முதலியவற்றினின்று துண்டுகள் எடுக்கப்படும். கொழுப்பைத் தோல்முதல் தசைவரை முழுத் தடிப்பும் அமைய வெட்டுதல் வேண்டும். அடுக்குக்கு அடுக்கு அதன் தன்மை வேறுபடும். இரைப்பையிற் கிடைக்கும் மீனின் செவிக்கற்களும் கணவாயின் அலகுகளும் உண்ட உணவைக் காட்டும். கடற்பசுவாயின் புல்வகையைக் காணலாம். பல்லை அறுத்து அதன் வளர்ச்சி வரிகளை எண்ணி வயதை அறிவர். இவ்வுடல்களினின்று மனிதரைப் பற்றும் நோய்களும் உண்டாதலின், கையுறையும் முகக்கவசமும் இன்றியமையாதன.

சேமிக்கும் முறை

ஒரே முறை எல்லாத் திசுவுக்கும் ஒவ்வாது. மரபணு ஆய்வுக்குரிய தோலைச் செறிந்த எத்தில் ஆல்கஹாலில் இடுதல் வேண்டும். நோய்க்குறி காணும் திசுவை 10 விழுக்காடு பார்மலினில் இடுவர். துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்தலாகாது. பார்மலின் திசுவைப்போற் பத்து மடங்கு இருத்தல் வேண்டும். தடித்த துண்டின் நடுப்பகுதிக்கு மருந்து சேருமுன் அது அழுகிவிடும். பார்மலின் மரபணுவைச் சிதைப்பதால் இவ்விரண்டையும் மாற்றியிடுதல் பெரும்பிழையாம். பூச்சிகொல்லி ஆய்வுக்குரிய திசுவைத் தூய அலுமினியத் தாளிற் பொதிந்து உறையவைப்பர். உலோக ஆய்வுக்குரியதை அத்தாளிற் பொதியலாகாது. நெடுங்காலச் சேமிப்புக்குச் சுழியத்தின்கீழ் 80 பாகைச் செல்சியசுக் குளிர் ஏற்றது. உறைந்ததை உருக்கி மீண்டும் உறையவைத்தால் திசு கெடும். ஆதலின் தொடக்கத்திலேயே சிறு பகுதிகளாக்கி, இயலுமாயின் ஈரிடங்களில் வைத்தல் நன்று. மின்சாரம் நின்றால் ஒன்றேனும் எஞ்சும்.

இவை யாவற்றினும் தலையாயது சீட்டு. நாள், இடம், இனம், பால், நீளம், திசுவின் பெயர், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் கலத்தினுள்ளும் இடுதல் வேண்டும். மை ஆல்கஹாலிற் கரைந்துவிடும். அவ்வெண்ணே பதிவேட்டிலும் அமைதல் வேண்டும். சீட்டிழந்த திசு, பெயரிழந்த கடிதம் போன்றது. எத்துணைக் குளிரில் வைப்பினும் அது எவர்க்கும் ஒன்றும் கூறாது.

நம் கடமை

இப்பணியைச் செய்தற்குரியார் சட்டப்படி இசைவு பெற்ற வனத்துறையினரும் கால்நடை மருத்துவரும் ஆராய்ச்சியாளருமே. நினைவுக்கென ஒரு பல்லையோ எலும்பையோ எடுத்தலும் குற்றமாகும். ஏனையோர் செய்யத்தக்கவை மூன்று: வனத்துறைக்கு உடனே அறிவித்தல், கூட்டத்தையும் நாய்களையும் விலக்கி நிறுத்தல், கண்ட நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறித்து வைத்தல். உடல் உயிரோடிருப்பின், மூச்சுத்துளையில் நீரோ மணலோ புகாதவாறு காத்து, தோலை ஈரமாக வைத்தலும் வேண்டும்.

இம்மூன்றிற்கும் பெரும்பொருள் வேண்டா. விரைவும் நேர்மையும் போதும். மாணவ நண்பர்களுள் விலங்கியல் கற்போர் விடுமுறையில் ஒருமுறையேனும் கோட்டைப்பட்டினக் கரைக்குச் சென்று, அங்குள்ள மீனவப் பெரியோரிடம் ஆவுளியாவைப் பற்றிக் கேட்டறிவாராக. உடல் ஒதுங்கிய செய்தியை முதலில் அறிவார் அவரே. அச்செய்தி உரிய நேரத்தில் உரியவரை அடையுமாயின், கரையில் மடிந்த ஓருயிர் இனிவரும் பல உயிர்களைக் காக்கத் துணையாகும்.