குரூப் மெயிலும் ஒரு சாவிக்கொத்துதான்!
பல்கலைக்கழக அலுவலகங்களுக்கு 15 பயனுள்ள குறிப்புகள்

பெங்களூரில் வாடகை வீட்டைக் காலிசெய்யும்போது வீட்டுக்காரர் சாவியை எண்ணி வாங்குவார். மூன்று கொடுத்திருந்தால் மூன்றும் வந்தாகவேண்டும். ஒன்று குறைந்தாலும் அட்வான்ஸில் பிடித்தம். இந்தக் கணக்கைப் பல்கலைக்கழக மெயில் குரூப்பில் மட்டும் யாரும் கேட்பதில்லை. படிப்பு முடித்தவர், ஓய்வுபெற்றவர், வேறு துறைக்கு மாறியவர் எல்லாரும் வருடக்கணக்கில் உள்ளேயே இருப்பார்கள்.

1986-ல் எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு தொடங்கியபோது அதில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஒன்று. அதே 1986-ல் பாரிஸில் எரிக் தாமஸ் என்ற மாணவர், மெயில் பட்டியல்களைத் தானாக நிர்வகிக்கும் லிஸ்ட்சர்வ் மென்பொருளை எழுதினார். பட்டியலில் பெயர் சேர்ப்பதும் எடுப்பதும் அதற்குமுன் ஒருவர் உட்கார்ந்து கையால் செய்கிற வேலை. நாற்பது வருடமாகிறது, இன்றும் பல துறைகளில் அறுபது முகவரியை 'டூ' பெட்டியில் ஒட்டித்தான் சுற்றறிக்கை போகிறது. இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் இந்தக் குரூப்களோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் சேர்த்த குறிப்புகள் இவை.

1. தபால் பெட்டியா, சாவிக்கொத்தா? சில குரூப் தகவல் சொல்வதற்கு மட்டும். சில குரூப்பில் பெயர் இருந்தாலே ஃபோல்டர் திறக்கும், ஆய்வகக் கருவியை முன்பதிவு செய்யலாம், மென்பொருள் உரிமம் கிடைக்கும். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். கருத்தரங்கு அறிவிப்புக் குரூப்பில் பக்கத்துக் கல்லூரி மாணவரும் இருப்பார், ஓய்வுபெற்ற பேராசிரியரும் இருப்பார். அதே குரூப்புக்கு யாரோ அவசரத்தில் வினாத்தாள் ஃபோல்டரை ஷேர் செய்தால் கதை முடிந்தது. மைக்ரோசாஃப்டில் இரண்டுக்கும் தனித்தனி வகையே உண்டு. கூகுளில் ஒரே குரூப் இரண்டு வேலையும் செய்யும். அங்கே பெயரிலேயே 'அறிவிப்பு', 'அனுமதி' என்று பிரித்துவிடுங்கள்.

2. பெயரில் ஆண்டு போடுங்கள். 'முதலாண்டு மாணவர்' என்று குரூப் ஆரம்பித்தால் அடுத்த ஆகஸ்டில் அவர்கள் இரண்டாமாண்டு. பெயரை மாற்றுவதா, ஆட்களை மாற்றுவதா என்று குழப்பம். 'எம்எஸ்சி 2025 சேர்க்கை' என்று வைத்தால் கடைசிவரை மாறாது. அதுபோல துறைத் தலைவரின் சொந்தப் பெயரில் குரூப் வேண்டாம். பதவியின் பெயரில் இருக்கட்டும். தலைவர் மாறுவார், நாற்காலி மாறாது.

3. பழைய முகவரியைச் சாகவிடாதீர்கள். இந்திய அறிவியல் கழகத்தின் பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் ஆசிரியர் முகவரி எர்நெட் டாட் இன் என்று முடியும். இன்று ஏசி டாட் இன். அச்சில் ஏறிய முகவரியைத் திருத்த முடியாது. டொமைன் மாறினாலும் பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிட முடியுமா என்று கணினிப் பிரிவில் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

4. ஓனர் இரண்டு பேர். ஒருவர் நிரந்தர ஊழியராக இருக்கட்டும். எங்கள் துறையில் ஒரு குரூப்புக்கு ஒரே ஓனர், ஆர்வமாக ஆரம்பித்த ஆராய்ச்சி மாணவர். அவர் முனைவர் பட்டம் வாங்கி வெளிநாடு போனார். அனுமதிக்குக் காத்திருந்த மெயில்கள் அப்படியே கிடந்தன. கருத்தரங்குக்கு ஆளே வரவில்லையே என்று பேச்சாளர் கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

5. சின்னக் குரூப்களைக் கோத்துப் பெரிய குரூப் செய்யுங்கள். 'துறை அனைவரும்' என்பதில் முந்நூறு பேரைத் தனித்தனியாகப் போடவேண்டாம். ஆசிரியர், அலுவலகம், ஆராய்ச்சி மாணவர், 2025 சேர்க்கை என்ற சின்னக் குரூப்களையே உறுப்பினராகச் சேருங்கள். ஒருவரைச் சின்னதில் எடுத்தால் பெரியதிலும் போய்விடுவார். 1964-ல் தொடங்கிய பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 2017-ல் மூன்றாகப் பிரிந்தது. இப்படி ஒரு பிரிவினை வரும்போது, கல்லூரிகளின் பட்டியலைப் பகுதிவாரியாகச் சின்னக் குரூப்களில் வைத்திருப்பவருக்கு அரைநாள் வேலை. ஒரே மூட்டையாக வைத்திருப்பவர் இரண்டு வாரம் உட்காரவேண்டும்.

6. யார் எழுதலாம் என்பதை முதல்நாளே முடிவுசெய்யுங்கள். அறிவிப்புக் குரூப்பில் ஓனரும் மேனேஜரும் மட்டும் எழுதட்டும். பிரிட்டன் பொதுச் சுகாதார சேவையில் 2016 நவம்பரில் ஒரு சோதனை மெயில் தவறுதலாகச் சுமார் 8.4 லட்சம் பேருக்குப் போனது. 'என் பெயரை எடுங்கள்' என்று பலர் எல்லாருக்கும் பதில் போட, மெயில் சேவையே திணறிப்போனது. உங்கள் குரூப்பில் இப்படி ஆரம்பித்தால் 'தயவுசெய்து யாரும் பதில் போடாதீர்கள்' என்று இன்னொரு மெயில் போடாதீர்கள். அமைப்புக்குள் போய், எழுதும் அனுமதியை ஓனருக்கு மட்டும் என்று மாற்றுங்கள். தானாக அடங்கும்.

7. மூன்று மஞ்சுநாத் பிரச்சினை. பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் மூன்று மஞ்சுநாத் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 'மஞ்சு' என்று அடித்ததும் மெயில் பெட்டி தானாக நிரப்பும் முகவரி, நீங்கள் நினைத்தவருடையதாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. நம்மவர் பெயரில் இன்ஷியல் ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால், அது வேறு. உறுப்பினரைச் சேர்க்கும்போது பணியாளர் எண்ணையோ பதிவெண்ணையோ வைத்துச் சரிபாருங்கள். ஜிமெயிலில் 'அனுப்பியதைத் திரும்பப் பெறு' நேரத்தை 30 நொடியாக வையுங்கள். அதற்குமேல் அது தராது, ஆனால் அந்த 30 நொடி போதும்.

8. வெளியாட்களுக்கு பிசிசி. ஒரேயொரு நிகழ்ச்சிக்கு நாற்பது விருந்தினரை அழைக்கிறீர்கள் என்றால் குரூப் வேண்டாம். முகவரிகளை பிசிசியில் போடுங்கள். ஒருவர் முகவரியை மற்ற 39 பேருக்குக் காட்ட நமக்கு உரிமையில்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆளை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் தனிநபர் தரவுதான். மெயில் முகவரியும் அதில் அடக்கம்.

9. போஸ்டரை இணைக்காதீர்கள். 8 எம்பி போஸ்டரை 500 பேர் குரூப்புக்கு இணைத்து அனுப்பினால் 500 பெட்டியிலும் சேர்த்து 4 ஜிபி. கூகுளின் கல்விச் சேவையில் இப்போது முழு நிறுவனத்துக்கும் பொதுவாக ஓர் இட வரம்பு உண்டு. வாரம் மூன்று போஸ்டர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரைவில் வைத்து லிங்க் அனுப்புங்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் மெயிலிலேயே எழுத்தாக எழுதுங்கள். பேருந்தில் நின்றுகொண்டு ஃபோனில் பார்ப்பவருக்கு அதுதான் தேவை.

10. குரூப் எதற்கு என்று இரண்டு வரி. விவரப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். எதற்காக இந்தக் குரூப், யார் சேரலாம், எப்படி விலகலாம் என்று எழுதுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றிய தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அவர்களை இணைத்தது இணையமும் மின்னஞ்சலும்தான். வேலை இன்னதென்று தெளிவாக இருந்தால் முகம் பார்க்காதவர்களும் சேர்ந்து வேலை செய்யலாம். தெளிவில்லாத குரூப்பில் ஒரே மாதத்தில் 'ஒயிட்ஃபீல்டில் டூ பிஎச்கே வாடகைக்கு' வந்துவிடும்.

11. மெயில் பெறுபவருக்கும் ஒரு குறிப்பு. குரூப் மெயில் குவிகிறதென்று விலகிவிடாதீர்கள். தேர்வுத் தேதியும் அதில்தான் வரும். ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தினால் 'இதுபோன்ற மெயிலை வடிகட்டு' என்று இருக்கும். ஒரு லேபிள் கொடுத்துத் தனியாக ஒதுக்குங்கள். மாலையில் காபி குடிக்கும்போது ஒருமுறை பார்த்தால் போதும்.

12. ஃபோல்டரை ஆளுக்குக் கொடுக்காதீர்கள், குரூப்புக்குக் கொடுங்கள். குரூப்பில் சேர்ந்தால் ஃபோல்டர் திறக்கும்; எடுத்தால் மூடிக்கொள்ளும். ஆனால் அவசரத்தில் ஒருவருடைய முகவரிக்கு நேரடியாக ஷேர் செய்தது, குரூப்பில் இருந்து அவரை எடுத்தாலும் அப்படியே நிற்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. துறையின் ஆவணங்கள் ஒருவருடைய சொந்த டிரைவில் இருக்கவும் வேண்டாம். நிறுவனத்துக்குச் சொந்தமான பகிர்வு டிரைவில் வையுங்கள். கூகுளில் ஒருவருடைய கணக்கை நீக்கிவிட்டால், அட்மின் அதை மீட்க 20 நாள்தான் அவகாசம்.

13. புதியவர் பழையதையும் படிப்பார். குரூப்பில் கடிதங்கள் சேமிக்கப்பட்டு, உறுப்பினர் பார்க்கலாம் என்று அமைப்பு இருந்தால், இன்று சேர்பவர் மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதத்தையும் திறக்கலாம். நாங்கள் ஒரு குழுவில் மாணவர் பிரதிநிதியைச் சேர்த்தோம். அந்தக் குழுவின் மெயில் குரூப்பில் அவருடைய உதவித்தொகை விண்ணப்பத்தைப் பற்றி ஆசிரியர்கள் விவாதித்த பழைய கடிதங்கள் இருந்தன. அவர் படித்துவிட்டு, படித்தேன் என்று நேர்மையாக வந்து சொன்னார். எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குழுவின் ஆட்கள் மாறினால் புதுக் குரூப் தொடங்குங்கள்.

14. உறுப்பினர் பட்டியலை மூடி வையுங்கள். துறைத் தலைவர் பெயரில் ஒரு மெயில் வரும்: 'மீட்டிங்கில் இருக்கிறேன், ஃபோன் எடுக்க முடியாது, அவசரமாக கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்புங்கள்.' யார் தலைவர், யார் புதிய உதவிப் பேராசிரியர் என்று மோசடிக்காரருக்குத் தெரிய, திறந்து கிடக்கும் ஒரு பட்டியல் போதும். 'உறுப்பினரை யார் பார்க்கலாம்' என்பதை ஓனர், மேனேஜர் என்று மாற்றுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

15. நோ டியூஸ் படிவத்தில் ஒரு வரி சேருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நூலகம், விடுதி, ஆய்வகம் என்று கையெழுத்து வாங்கும் அதே தாளில் 'மெயில், அனுமதிக் குரூப்கள்' என்று ஒரு கட்டம் அச்சிடுங்கள். அந்தக் கையெழுத்துக்கு வருபவரை உட்காரவைத்து, அவர் பெயர் உள்ள குரூப்களை எல்லாம் அவர் முன்னாலேயே எடுங்கள். விருப்பமிருந்தால் முன்னாள் மாணவர் குரூப்பில் சேருங்கள். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. அந்தக் கதவு அங்கே படிப்பவருக்கும் வேலை பார்ப்பவருக்கும்தான், கிளம்பிப் போனவருக்கு இல்லை.

படிவம் இல்லாமல் போனவர்களுக்காக ஜனவரியிலும் ஜூலையிலும் ஒவ்வொரு குரூப்பின் பட்டியலையும் இறக்கி, சம்பளப் பட்டியலோடும் சேர்க்கைப் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். போன ஜூலையில் நான் அப்படி உட்கார்ந்தபோது, நான்கு வருடம் முன்பே விட்டுவந்த தேர்வுப் பிரிவின் குரூப்பில் என் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலில் முதலில் அடித்த பெயர் அதுதான்.