கூட வந்தவரின் கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

அந்தமானின் போர்ட் பிளேரில் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்ததில் மகிழ்ச்சி. நோயாளிகளைவிட, கூட வருபவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு, போனில் எதையாவது பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். இதற்கு மட்டும் இப்போதே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்தத் தீவில் இருந்த மகனுக்காக, உன்னிடம் வருபவர்களைப் போலவே கேள்வியோடு தவித்த ஒரு தகப்பன் இருந்தார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற உல்லாஸ்கர் தத், செல்லுலார் சிறையின் கொடுமையில் 1912இல் மனம் கலங்கிப்போனார். ஹாடோவில் இருந்த மனநோய் விடுதியில் அவரை அடைத்தார்கள். மகனுக்கு என்ன ஆயிற்று, எப்படி இருக்கிறான் என்று அப்பா த்விஜதாஸ் தத் கடிதம் மேல் கடிதம் போட்டார். மலேரியாவால் வந்த சித்தக் கலக்கம், இப்போது பரவாயில்லை என்ற அளவில்தான் பதில் வந்தது. சிறையில் அவனை விலங்கு மாட்டி நிற்க வைத்தது பற்றி அதில் ஒரு சொல் இல்லை. மறு ஆண்டு மகனைச் சென்னை மனநோய் விடுதிக்கு மாற்றினார்கள். அந்தத் தகப்பன் கையில் ஒரு போன் இருந்திருந்தால் விடிய விடியத் தேடியிருப்பார், இல்லையா?

இன்று தேட முடிகிறது. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 2,300 கிலோமீட்டருக்குப் போட்டு 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்த கடலடிக் கேபிள் கார் நிக்கோபார், கமோர்ட்டா வரை போயிருக்கிறது. ஆனால் தேடினால் என்ன கிடைக்கிறது? லிட்டில் அந்தமானிலிருந்து கப்பலில் வந்த ஓர் அம்மா ஒருமுறை தன் போனை என்னிடம் நீட்டினார். எழுதப் படிக்க வராது, மைக்கை அழுத்திப் பேசியே தேடியிருந்தார். 'பையன் தனியா பேசுறான்', 'மாத்திரை பழகிடுமா', 'கல்யாணம் பண்ணி வச்சா சரியாகுமா', 'சோத்துல கலந்து குடுக்கலாமா' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எதிலும் நோயின் பெயர் இல்லை. யாராவது அவரிடம் சொல்லியிருந்தால்தானே? கடைசியாக அவர் பார்த்தது, ஒரே மண்டலத்தில் மாத்திரையை விட வைக்கிறோம் என்று பொடி விற்கிற வீடியோ.

கூகுளைப் பார்க்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. பார்ப்பதை நிறுத்தமாட்டார்கள், உன்னிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார்கள். சின்ன ஊர் அது. மருத்துவமனை வரிசையில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவார். வெட்கப்படாமல் கேட்க அவர்களுக்கு இருப்பது அந்தப் போன்தான். 'என்ன பார்த்தீங்கம்மா, காட்டுங்க' என்று பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார். பேசுகிறவர் யார், எதையாவது விற்கிறாரா, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா என்று அவர்களையே கவனிக்கச் சொல். பிள்ளையின் பெயரையும் படத்தையும் மருந்துச் சீட்டையும் வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடு.

அவர்கள் தேடப் போகிற பதில்களை முன்கூட்டியே தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடு, படிக்க வராதவருக்கு உன் குரலில் பதிவு செய்து அனுப்பு. குரல் கேட்பது அடங்க வாரக்கணக்கில் ஆகலாம், மயக்கமும் பசியும் அதற்கு முன்பே வந்துவிடும், அதைப் பார்த்து மருந்து கெடுக்கிறது என்று நிறுத்திவிட வேண்டாம். தூக்கம் குறைந்தால் நோய் திரும்புவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சோற்றில் கலந்து கொடுத்தது ஒருநாள் தெரிந்துவிட்டால், அம்மா கையால் போடும் சோற்றையே பிள்ளை சந்தேகப்படுவான். கல்யாணம் மருந்தல்ல, இன்னொரு வீட்டுப் பெண்ணையும் இதில் இழுத்துவிடக் கூடாது.

இதெல்லாம் உன் நல்ல மனசுக்கு விட்ட விஷயமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் நோயின் தன்மை, சிகிச்சை, பக்கவிளைவுகள் எல்லாவற்றையும் அவர்களுக்குப் புரிகிற மொழியில் அறியும் உரிமை தந்திருக்கிறது. அதே சட்டம் நோயாளியின் ரகசியத்தையும் காக்கச் சொல்கிறது. அதனால் வீட்டாரிடம் என்னென்ன சொல்லலாம் என்று முதலில் நோயாளியைக் கேள். அவர் மறுத்தாலும், வீட்டார் சொல்வதைக் கேட்கவோ இந்த வகை நோயைப் பற்றிப் பொதுவாக விளக்கவோ தடையில்லை.

இரவில் யாரைக் கேட்பது என்பார்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம், குடும்பத்தாரும் அழைக்கலாம். எண்ணை வாயால் சொல்லி மட்டும் அனுப்பாதே, அவர்கள் போனிலேயே போட்டுக் கொடு.

நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்கென்று இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவ்வளவு தொலைவிலிருந்து வருபவரிடம், மழைக்காலத்தில் கப்பல் நின்றுபோனால் கையிலுள்ள மாத்திரை எத்தனை நாளைக்கு வரும் என்று கேள். மருத்துவரிடம் சொல்லிக் கூடுதலாக வாங்கிக் கொடுத்து, அது தீரும் தேதியையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடு.

அன்புடன்,
அக்கா