ஆளொழிந்த ஊரும் கலைக்களஞ்சியமும்

கேள்வி: மக்கள் கைவிட்ட ஊர்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதுவோர் எதில் கவனம் கொள்ள வேண்டும்?

பதில்: அரசு ஆவணங்களில் ஊராக ஏற்கப்பட்டிருந்த இடம், இன்று ஆளற்றுக் கிடந்தாலும், குறிப்பிடத்தக்கமை, அதாவது தனிக்கட்டுரை பெறுவதற்குரிய தகுதி, உடையதாகவே விக்கிப்பீடியாவில் பொதுவாகக் கருதப்படுகிறது. சிக்கல் 'கைவிடப்பட்ட' என்னும் சொல்லில்தான் எழுகிறது. எடுத்துக்காட்டாக, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலில் தொடர்வண்டி நிலையமும் தேவாலயமும் சிதைந்து, பயணிகளோடு ஒரு தொடர்வண்டியும் கடலுக்கு இரையான, இராமேசுவரம் தீவிலுள்ள தனுஷ்கோடியை வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தபோதிலும், மீனவக் குடும்பங்கள் அதன்பின்னும் அங்கே குடிசைகளில் வாழ்ந்துவந்துள்ளமையால், அவர்களை மறைத்துப் 'பேய் நகரம்' என்று மட்டும் எழுதுவது (அச்சொல் சுற்றுலா விளம்பரத்துக்கே பொருந்தும்) பிழையான பதிவாகும். இறந்தோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுவதால், ஒவ்வோர் எண்ணையும் அதைக் கூறும் சான்றோடு தருவதே மெய்யறிதன்மை, அதாவது வாசகர் தாமே சரிபார்க்க இயலும் நிலை, என்னும் விதிக்கு உகந்தது. உயிர்பிழைத்தோரின் வாய்மொழி எங்கும் வெளியிடப்படாதவரை சான்றாக ஏற்கப்படுவதில்லை. இது அவ்விதியின் குறையே. தனுஷ்கோடி 1914 முதல் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் சென்ற துறைமுகம் என்னும் வரலாறு, புயலின் விவரிப்புக்குள் மூழ்கிவிடாமல், கட்டுரையின் முற்பகுதியிலேயே இடம்பெறுதல் வேண்டும்.